கிளாசிக் 350-இல் லித்தியம் பேட்டரி: செல்ஃப் அடித்தால் எல்லாம் அணைந்துவிடுகிறது

கரூர் புல்லட்:
அண்ணன்மாருக்கு வணக்கம். என் வண்டி 2014 கிளாசிக் 350, கார்புரேட்டர் மாடல். வேலாயுதம்பாளையத்திலிருந்து கரூர் பட்டறைக்குத் தினமும் இதில்தான் போய் வருகிறேன். பஸ் பாடிக்கு வெல்டிங் அடிப்பது என் வேலை. இரும்பென்றால் புரியும், கரண்டென்றால் தலை சுற்றும்.

போன இரண்டு வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். இரண்டும் 14 ஆம்பியர், நல்ல கம்பெனிதான். இரண்டுமே பக்கவாட்டில் உப்பிப் போய், ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பித்தான் வெளியே எடுத்தோம். மூன்றாவது வாங்கப் போன கடையில், "லித்தியம் போடுங்க, ஒரு கிலோகூட இருக்காது, அஞ்சு வருஷம் கண்டுக்கவே வேணாம்" என்றார்கள். நீல உறை சுற்றிய ஒரு பொட்டலம். மேலே மார்க்கரில் '12' என்று எழுதியிருந்தது. 2,600 ரூபாய் கொடுத்தேன்.

இப்போது ஒரு மாதம் ஆகிறது. செல்ஃப் பட்டனை அமுக்கினால் 'டிக்' என்று ஒரே சத்தம், மீட்டர் விளக்கு உட்பட எல்லாம் அணைந்துவிடுகிறது. சாவியை அணைத்துக் கொஞ்சம் பொறுத்துப் போட்டால் விளக்கு வருகிறது. கிக்கரில் உதைத்தால் முதல் உதையிலேயே ஸ்டார்ட். பைபாஸில் எழுபதைத் தாண்டினால் ஹெட்லைட் துடிக்கிறது, போன வாரம் பல்பு ஒன்று போய்விட்டது. நேற்று வண்டியை நிறுத்திப் பெட்டியைத் திறந்தால் பொட்டலம் டீ டம்ளர் மாதிரி சுடுகிறது. லேசாக நெயில் பாலிஷ் வாடை வேறு. வயரிங் கோளாறா, பேட்டரியா? ஓட்டலாமா?

திருச்சி 98:
புல்லட்டுக்கு எதுக்குத் தம்பி செல்ஃப்? கால் இருக்குல்ல.

நெல்லை வயரிங்:
தம்பி, முதலில் அதைக் கழற்று. மீதியை அப்புறம் படி. செல்லுக்குள் அடைபட்ட மருந்து கசியும்போது வருகிற வாடை அது. முனைகள் இரண்டிலும் தனித்தனியாக டேப் சுற்றி, வீட்டுக்கு வெளியே வெறும் சிமெண்ட் தரையில் வை. வண்டிப் பக்கத்திலும் வேண்டாம், வைக்கோல் பக்கத்திலும் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க உறையில் கத்தி வைத்துவிடாதே.

கழற்றினாயா? சரி. உறைமேல் விரலால் தடவினால் உருளை உருளையாகத் தட்டும், எத்தனை என்று எண்ணு. ஒரு ராத்திரி சும்மா கிடந்த பிறகு மல்டிமீட்டரில் எத்தனை வோல்ட் என்று பார். இன்னொன்று, பொட்டலத்தைவிட உப்பின அந்த இரண்டு பேட்டரிதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

கரூர் புல்லட்:
பன்னிரண்டு உருளை அண்ணாச்சி. காலையில் 12.4 காட்டியது. முந்தின நாள் மாலை வரை ஓட்டிய வண்டி.

நெல்லை வயரிங்:
நினைத்தது சரிதான். இதில் நம் ஊர்க் கடைகளில் ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. எல்லாரும் 'லித்தியம் அயன்' என்றே சொல்கிறார்கள். இரும்பு என்ற அயன் வேறு, லேப்டாப் பேட்டரியில் சொல்கிற அயன் வேறு. பைக்குக்கு என்று ஒழுங்காகச் செய்து வருவது பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட். அதில் செல்லுக்கு 3.2 வோல்ட், நாலு கோத்தால் 12.8. முழுதாக ஏற 14.4, 14.6 வேண்டும். வண்டி கொடுப்பதும் ஏறக்குறைய அதுதான் என்பதால் பொருத்தம் கூடிவிடுகிறது. ஏறி முடித்து ஓய்வில் இருக்கும்போது 13.3 பக்கம் நிற்கும்.

உன்னுடையது 12.4-இல் நிற்கிறது. அப்படியானால் லேப்டாப் வகைச் செல், நாலு நாலாகச் சேர்த்து மூன்று கட்டாகக் கோத்திருக்கிறார்கள். அந்த வகைக்கு உச்சி 4.2 வோல்ட். மூன்றுக்கு 12.6. உன் வண்டி 14.4 கொடுத்தாலே செல்லுக்கு 4.8 ஆகிறது. அந்த அளவுக்கு ஏற்றினால் தீதான் பிடிக்கும். இன்னும் பிடிக்காததற்குக் காரணம், உள்ளே காவலுக்கு வைத்திருக்கிற தீப்பெட்டி அளவு போர்டு. அது சார்ஜை வெட்டிவிடுகிறது. வெட்டிய நொடியில் வண்டியில் பேட்டரியே இல்லாத நிலை, ஆல்டர்னேட்டர் தருவது நேராகப் பல்புக்குப் போகிறது. துடிப்பும் பல்பு போனதும் அதனால். செல்ஃப் மோட்டார் புறப்படும்போது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இப்படிப்பட்ட பொட்டலங்களில் வைக்கிற போர்டு அதில் பாதிகூடத் தாங்காது, அங்கேயும் வெட்டுகிறது. 'டிக்' சத்தத்துக்கு அர்த்தம் அதுதான். வாடை வருகிறதென்றால் காவல்காரனும் தூங்க ஆரம்பித்துவிட்டான்.

இப்போது பழைய கதைக்கு வா. நல்ல கம்பெனி ஆசிட் பேட்டரி இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக உப்புமா? அளவுக்கு மேல் ஏறியிருக்கிறது. யாரிடமாவது ஒரு சாதா பேட்டரி கடன் வாங்கி மாட்டு. பேட்டரி முனையிலேயே மீட்டரை வைத்து ஐடிலில் ஒரு தடவை, நன்றாக முறுக்கி ஒரு தடவை பார். 14.6-ஐத் தாண்டினால், வோல்ட்டை அளவோடு வைக்கிற ரெகுலேட்டரையும் அதன் எர்த்தையும் பார்க்காமல் எந்தப் பேட்டரிக்கும் காசு கொடுக்காதே.

ஊட்டிக்காரன்:
நான் எதிர்க்கட்சி. என் 350-இல் இரும்பு பாஸ்பேட் பேட்டரி நாலு வருடமாக ஓடுகிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் குணம் தெரிய எனக்கு ஒரு பேட்டரி செலவானது.

ஸ்டிக்கரில் 12 ஆம்பியர் ஆசிட் பேட்டரிக்குச் 'சமானம்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். உள்ளே உண்மையில் இருப்பது 4 ஆம்பியர் ஹவர். செல்ஃப் அடிக்க அது தாராளம். நான் திருட்டுக்குப் பயந்து ஜிபிஎஸ் டிராக்கர் மாட்டியிருந்தேன். அது 20 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு அரை ஆம்பியர் ஹவர். எட்டு நாளில் கணக்கு முடிந்தது. நான் ஊருக்குப் போய்வர இருபது நாள். நடுவில் தம்பியை விட்டு மீட்டர் வைக்கச் சொன்னேன், 12.8 என்றான். ஆசிட் பேட்டரி ஞாபகத்தில் 'ஃபுல்லாத்தான் இருக்கு' என்று விட்டுவிட்டேன். லித்தியத்தில் 12.8 என்றால் அடி தட்டப் போகிறது என்று அர்த்தம். திரும்பி வந்தபோது 7 வோல்ட். ஒரு மெக்கானிக் ஆசிட் பேட்டரி சார்ஜரில் 'ரிப்பேர்' பட்டனைத் தட்டி ஏற்றினார். அந்தப் பட்டன் 15-க்கு மேல் துடிப்பு துடிப்பாக அடிக்கும். அடிவரை வற்றிய செல்லை ஏற்றியதே தப்பு, அதில் இது வேறு. பேட்டரி பலூன் ஆனது.

குளிருக்கும் ஒரு வழி உண்டு. ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கிற காலையில் செல்ஃப் முக்கும். செத்துவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அமுக்கக் கூடாது. ஹெட்லைட்டைப் போட்டு இரண்டு நிமிடம் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றால் செல் உள்ளுக்குள் சூடேறி, அடுத்த அமுக்கலில் எடுத்துவிடும். எங்கள் ஊரில் மனிதர்களுக்கும் டீ குடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும்.

சேலம் டூரர்:
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். லித்தியத்தைக் கழற்றி ராத்திரி வீட்டுக்குள் சார்ஜ் போடலாமா? என் வீட்டில் வராந்தா கிடையாது.

நெல்லை வயரிங்:
ராத்திரி வேண்டாம், தூங்குகிற அறைக்கும் வாசலுக்கும் நடுவில் எப்போதுமே வேண்டாம். 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் நின்ற மின் ஸ்கூட்டர் எரிந்தபோது, அப்பாவும் மகளும் மூச்சு முட்டித்தான் இறந்தார்கள். வண்டி பேட்டரி அதைவிடச் சின்னதுதான், இரும்பு பாஸ்பேட் அவ்வளவு சீக்கிரம் பற்றவும் பற்றாது. ஆனாலும் புகை விஷம். பகலில், ஆள் பார்வையில், லித்தியத்துக்கு என்றே உள்ள சார்ஜரில் போடுங்கள். பற்றினால் விலகி நின்று தண்ணீரை நிறைய அடிக்க வேண்டும். மணல் போட்டால் சூடு உள்ளேயே நின்றுவிடும்.

கரூர் புல்லட்:
அண்ணாச்சி, பார்த்துவிட்டோம். நண்பனின் பேட்டரியை மாட்டியதில் ஐடிலில் 13.7. முறுக்கினால் 15.3.

ரெகுலேட்டர் போச்சு என்று புதிது வாங்கக் கிளம்பினேன். எலெக்ட்ரீஷியன் இருக்கச் சொல்லிவிட்டு, வண்டிச் சட்டத்தில் ரெகுலேட்டரின் எர்த் வயர் பூட்டியிருக்கிற போல்ட்டைக் கழற்றிக் காட்டினார். வயர் முனை வளையத்துக்கு அடியில் வழுவழு என்று கறுப்பு பெயிண்ட். அது எர்த்தை மறிக்க, ரெகுலேட்டர் வோல்ட் குறைவு என்று ஏமாந்து கூட ஏற்றியிருக்கிறது. எமரி பேப்பரால் இரும்பு வெள்ளையாகத் தெரிகிற வரை தேய்த்துத் திரும்பப் பூட்டினோம். இப்போது எவ்வளவு முறுக்கினாலும் 14.2.

இரண்டரை வருடம் முன்பு வண்டியைப் பிரித்துச் சட்டத்துக்கு அந்தப் பெயிண்டை அடித்தது நான்தான். பட்டறையில் மிச்சம் இருந்த பஸ் பெயிண்ட்.

சாதா 14 ஆம்பியர் வாங்கி மாட்டியாச்சு, செல்ஃப் சுத்தமாக எடுக்கிறது. பொட்டலத்தைக் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டேன் என்கிறார். தண்ணீர்த் தொட்டி ஓரம் கிடக்கிறது. என்ன செய்வது?

நெல்லை வயரிங்:
குப்பை வண்டியில் மட்டும் போட்டுவிடாதே, லாரியில் அமுக்கும்போது பற்றிக்கொள்ளும். மின்கழிவு எடுக்கிறவர்களிடம் 'லித்தியம், பழுதானது' என்று வாயால் சொல்லிக் கொடு. அதுவரை டேப் பிரியாமல் பார்த்துக்கொள்.