“பக்கா ஸ்டாக் சார்”: பழைய டர்போ வண்டி பார்க்கப் போன கதைகள்

மூணாவது கியர், கோவை

போன மாதம் ஒரு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 கார் பார்க்கப் போனேன், வாங்காமல் திரும்பினேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 மாடல், 46,000 கிலோமீட்டர், ஒரே ஓனர். 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 230 பிஎஸ், 350 நியூட்டன் மீட்டர், இழுப்பது முன்சக்கரம் மட்டும். நம் நாட்டில் விற்றதே சில நூறு வண்டிகள் என்பதால், ஒன்று விற்பனைக்கு வந்தால் இரண்டு நாளில் கைமாறிவிடுமே என்ற பதற்றம் வாங்குகிறவனுக்கு எப்போதும் இருக்கும், விற்கிறவருக்கும் அது நன்றாகத் தெரியும். போனை எடுத்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம், “பக்கா ஸ்டாக் சார், ஒரு பல்புகூட மாத்தினதில்லை.” நான் அதைக் கேட்கவே இல்லை.

காலை 7 மணிக்கு வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். போனதும் பானட்டில் கை வைத்தால் வெதுவெதுப்பு. கழுவுவதற்காக வெளியே எடுத்தாராம். இருக்கலாம். ஆனால் ராத்திரி முழுக்க நின்ற எஞ்சின் முதல் ஐந்து விநாடியில் என்ன சத்தம் போடுகிறது என்பதுதான் எனக்கு வேண்டும், ஆயில் மேலே ஏறுவதற்குள் செயின் பக்கம் கடகடவென்று வருகிற சத்தமும் பின்னால் வருகிற முதல் புகையும் சூடான எஞ்சினில் மறைந்துவிடும். சரி, வந்தது வந்தாச்சு, மற்றதையாவது பார்ப்போம் என்று ஆரம்பித்தேன்.

பாடி நன்றாகவே இருந்தது. பெயிண்ட் மீட்டர் வைத்தால் எல்லா இடத்திலும் 110 முதல் 140 மைக்ரான், இடது பின்கதவில் மட்டும் 280, அது பார்க்கிங்கில் உரசியது என்று அவரே சொன்னார் (பட்டி வைத்திருந்தால் 500-க்கு மேல் காட்டும்). இந்த எஞ்சினில் வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் இருக்கும் பிளாஸ்டிக் கூடு கசியும் என்பது ஊரறிந்த விஷயம், டார்ச் அடித்துப் பார்த்தேன், ரோஸ் நிறக் கறை எதுவும் இல்லை. மனசுக்குள் பணத்தை எண்ண ஆரம்பித்துவிட்டேன் என்றே சொல்லலாம்.

லிஃப்டில் ஏற்றினதும்தான் ஒவ்வொன்றாக வந்தது. டர்போவையும் டவுன்பைப்பையும் (டர்போவில் இருந்து புகை இறங்கும் குழாய்) பிடித்திருக்கிற கிளாம்ப் புத்தம் புதிதாகப் பளபளக்கிறது, சுற்றியிருக்கிறதெல்லாம் ஏழு வருடப் புழுதியும் துருவும். முன் டயர் தோள்பட்டை இரண்டும் வெளிப்பக்கம் கடித்துத் துப்பினது மாதிரி இருக்கிறது, கார்னரில் தொடர்ந்து அழுத்தினால்தான் அப்படித் தேயும். முன் பம்பரில் டோ ஹூக் (வண்டியை இழுக்கும் கொக்கி) போடுகிற மூடி லூசாக இருந்தது, ஓரமெல்லாம் ஸ்க்ரூடிரைவர் கீறல். கரி ஸ்பீடுவே ரேஸ் டிராக் இருக்கிற ஊரில் அந்த மூடியை எதற்குத் திரும்பத் திரும்பக் கழற்றுவார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. டாஷ்போர்டு பெட்டியில் இன்சூரன்ஸ் பேப்பர் எடுக்கும்போது கூடவே நாலைந்து பெட்ரோல் பில் விழுந்தது, எல்லாம் 100 ஆக்டேன், டியூன் பண்ணின வண்டிக்கு ஊற்றுகிற உசத்தி பெட்ரோல். ஸ்டாக் வண்டிக்கு யாராவது ஆசைக்கு ஒரு தடவை அடிப்பார்கள், மாதம் தவறாமல் அடிக்க மாட்டார்கள்.

அப்புறம் ஸ்கேனர். எரர் ஒன்றுமே இல்லை. சந்தேகப்பட வைத்ததும் அந்தச் சுத்தம்தான். எரரை அழித்த பிறகு ஓடிய தூரம் என்று ஒரு எண் எஞ்சின் கம்ப்யூட்டரில் இருக்கும், அது 38 கிலோமீட்டர் காட்டியது. எரரை அழித்தால் வண்டி மறுபடி முதலிலிருந்து பண்ணுகிற ரெடினஸ் சோதனைகளில் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கானது இன்னும் முடியவில்லை. கேட்டால் “பேட்டரி மாத்தினேன் சார், அதான்” என்றார். பேட்டரி மேல் ஒட்டியிருந்த தேதி இரண்டு வருடம் பழசு.

ஓட்டிப் பார்த்தேன். மேனுவல் மோடில் நாலாவது கியர், 2,500 ஆர்பிஎம்மில் இருந்து முழுசாக மிதித்தபோது ஸ்பீடு ஏறாமல் முள் மட்டும் ஒரு முந்நூறு துள்ளிவிட்டு அமர்ந்தது. கிளட்ச் வழுக்குகிறது. இதில் இருக்கும் ஆறு ஸ்பீடு ஆயில் கிளட்ச் பெட்டி உறுதியானதுதான், 60,000-க்கு ஒரு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் போதும், ஆனால் அது கம்பெனி கொடுத்த இழுவைத் திறனுக்கு (டார்க்) போட்ட கணக்கு.

திரும்பி வந்து நேராகவே கேட்டேன், பவர் ஏற்ற யாரிடம் டியூன் பண்ணினீர்கள் என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “ஸ்டேஜ் 1 மட்டும்தான் சார், ரெண்டு வருஷம்.” ஸ்டேஜ் 1 என்றால் வெறும் மென்பொருள், டவுன்பைப் கிளாம்பைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. வண்டி டியூன் ஆனதற்காக நான் விடவில்லை. கேட்ட மூன்று விஷயத்துக்கும் பொய்தான் பதில் என்றால், கேட்கத் தெரியாமல் விட்ட விஷயங்களுக்கு என்ன பதில் இருக்கும் என்று யோசித்ததும் கை தானாக சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

பழைய டீசல், சேலம்

அண்ணா, உங்களுக்காவது லிஃப்ட் கிடைத்தது. நான் வாங்கியே மாட்டிக்கொண்டவன்.

2016 நடுவில், சென்னை நம்பர், 3 லிட்டர் டீசல் செடான், பிராண்ட் வேண்டாம், வண்டி மேல் தப்பில்லை. விலை மார்க்கெட்டை விட நாலு லட்சம் குறைவு. புரோக்கர் சொன்ன காரணம் ஓனர் வெளிநாடு போகிறார். 2015 டிசம்பரில் சென்னை எப்படி இருந்தது என்று டிவியில் பார்த்துவிட்டு ஆறே மாதத்தில் சென்னை நம்பர் வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்கினேன் என்றால் என் புத்தியை என்ன சொல்வது. நாலு மாதம் ஜோராக ஓடியது. ஐந்தாவது மாதம் ஏர்பேக் லைட், அப்புறம் கதவுக் கண்ணாடி, அப்புறம் ஒரு ராத்திரி நிறுத்தி வைத்த இடத்திலேயே ஹாரன் தானாக அடிக்க ஆரம்பித்து அடுத்த தெருவே எழுந்து வந்துவிட்டது. ஷெட்டில் சீட்டைக் கழற்றி கார்பெட்டைத் தூக்கினால் அடியில் இருந்த வயரிங் கனெக்டர் எல்லாம் பச்சை பூத்திருக்கிறது.

அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டியது இதுதான். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுக்கணும், பாதிக்கு மேல் யாரும் இழுக்க மாட்டார்கள் என்பதால் அங்கே சேற்றுக் கோடு அப்படியே இருக்கும், என்னுடையதில் இருந்தது. சீட் ரெயில் போல்ட், ஸ்டெப்னி கிடக்கும் குழியின் மூலை, இரண்டையும் நகத்தால் சுரண்டிப் பார்க்கணும். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் அது எதையோ மறைக்கத்தான்.

இன்னொன்று, இதற்குக் காசே ஆகாது. இன்சூரன்ஸ் பாலிசியில் நோ க்ளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லை என்றால் 50 இருக்கணும். என் வண்டிக்கு வயது ஆறு, புரோக்கர் ஒரு க்ளெய்ம்கூட இல்லை என்றார், பாலிசியில் பூஜ்யம். பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டினாலும் போனஸ் போகும்தான், ஆனால் அதையாவது கேட்டிருக்கலாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற வண்டிகளும் இப்போது நாலு மாவட்டம் தள்ளி எங்கேயோ ஷாம்பூ போட்டுத்தான் நிற்கும்.

தாம்பரம் டிராஃபிக்

நான் பார்த்தது சின்ன வண்டி, ஏழு ஸ்பீடு ட்ரை கிளட்ச் (ஆயிலில் நனையாத கிளட்ச்) ஆட்டோமேட்டிக் ஹேட்ச்பேக். ஞாயிற்றுக்கிழமை காலை, காலி ரோடு, பத்து நிமிடம் ஓட்டினேன், வெண்ணெய் மாதிரி போனது. டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். நல்லவேளை, என் மச்சான் விடவில்லை, மாமா சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை கிண்டியில் இருந்து தாம்பரம் வரை ஓட்டிட்டு முடிவு பண்ணுங்க என்றான். மீனம்பாக்கம் வரை ஒன்றுமில்லை. பல்லாவரத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் உடம்பெல்லாம் உதற ஆரம்பித்தது, குரோம்பேட்டை சிக்னலில் கியர் எழுத்து மினுக்கியது, ரிவர்ஸ் விழவில்லை. பின்னால் எம்டிசி பஸ் ஹாரன். ஓரங்கட்டி ஆஃப் பண்ணி அரை மணி நேரம் ஆறவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் மறுபடியும் வெண்ணெய்.

ட்ரை கிளட்ச் சூடாகாமல் குணத்தைக் காட்டாது. பத்து நிமிட டெஸ்ட் டிரைவ் என்பது விற்கிறவருக்கு மட்டும்தான் நல்லது. அட்வான்ஸ் பாதிதான் திரும்பி வந்தது, மீதியை மச்சானுக்கு டியூஷன் ஃபீஸ் என்று எழுதிவிட்டேன்.

ஸ்டேஜ் 2

மூணாவது கியர் ப்ரோ, நான் அந்தப் பக்கத்து ஆள். அதாவது, டியூன் பண்ணின வண்டியைக் கழற்றி ஸ்டாக் ஆக்கி விற்றவன்.

நியாயப்படுத்தவில்லை, ஏன் அப்படிப் பண்ணுகிறோம் என்று சொல்கிறேன். முதலில் உண்மையைத்தான் சொன்னேன். டவுன்பைப், இன்டர்கூலர், மேப் (எஞ்சின் கம்ப்யூட்டரில் எழுதும் டியூன் மென்பொருள்), எல்லா பில்லும் இருக்கிறது, கியர்பாக்ஸ் ஆயில் 30,000-த்துக்கே மாற்றியிருக்கிறேன், ப்ளக் 15,000-க்கு ஒரு தடவை. வந்த ஆறு பேரில் ஐந்து பேர் “ஐயோ டியூன் வண்டியா” என்று திரும்பிவிட்டார்கள், ஆறாவது ஆள் மூன்று லட்சம் குறைத்துக் கேட்டார். எல்லாம் கழற்றித் தனியாக விற்று, கம்பெனி பைப் மாட்டி, பழைய மேப் எழுதி, வாயை மூடிக்கொண்டேன், பத்து நாளில் கேட்ட விலைக்குப் போய்விட்டது. வாங்கினவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, பானட்டைத் திறந்து எஞ்சின் சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

பொய் சொல்லத் தூண்டுவது நாமும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பாகங்களும் மாற்றி டியூன் பண்ணினாலும் ஒழுங்காகப் பராமரித்த ஸ்டேஜ் 2 வண்டி, சாதாரண பெட்ரோலை ஊற்றிக்கொண்டு சர்வீஸையும் தள்ளிப்போட்ட ஸ்டாக் வண்டியை விட எத்தனையோ மேல்.

சரி, தகவலும் சொல்லிவிடுகிறேன். ஈசியூவில் (எஞ்சின் கம்ப்யூட்டர்) எத்தனை தடவை எழுதினார்கள் என்று ஒரு கவுண்டர் இருக்கும், அது ஏறாமலே எழுதுகிற டியூனர்கள் உண்டு, ஆகவே பூஜ்யம் என்றால் சுத்தம் என்று நம்பாதீர்கள். கம்பெனி சர்வீஸ் சென்டர் கணினியில் மாட்டும்போது மேப் பொருந்தவில்லை என்றால் டிடி1 (TD1) என்று குறி விழுந்துவிடும், அதை நாங்கள் அழிக்க முடியாது. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து அங்கே ஒரு வார்த்தை கேட்டாலே போதும்.

பழைய டீசல், சேலம்

ஸ்டேஜ் 2 ப்ரோ, எல்லாம் சரி, அந்த வாங்கின ஆளுக்கு இப்போதாவது போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள், கியர்பாக்ஸ் ஆயிலாவது சீக்கிரம் மாற்றுவார்.

ஓஎம்ஆர் ஓரம்

எல்லோரும் எஞ்சினுக்கு அடியில் போய்விட்டீர்கள், நான் பேப்பரில் விழுந்தவன். புதுச்சேரி நம்பர் வண்டி, மெக்கானிக்கலாக ஒரு குறையும் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் நான் இருப்பது சோழிங்கநல்லூர். வேறு மாநில நம்பரோடு இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நம்பரை மாற்றியாகணும், அதற்கு அங்கே படிவம் 28-ல் என்ஓசி (ஆட்சேபனை இல்லை சான்று), இங்கே சாலை வரி. வரிக் கணக்கு வண்டியின் விலையை வைத்து வரும் என்பதால் இந்த மாதிரி வண்டிகளுக்கு அது லட்சங்களில் நிற்கும், விலை பேசும்போது யாரும் அதைச் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். கூடவே ஆர்சியில் பேங்க் கடன் அப்படியே இருந்தது, கடன் முடிந்ததற்கான படிவம் 35 வாங்க ஓனர் பின்னால் ஏழு மாதம் அலைந்தேன். அரசின் பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டால் இதில் பாதி அன்றைக்கே தெரிந்திருக்கும்.

எல்போர்டு

நான் இன்னும் ஒன்றுமே வாங்கவில்லை, படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். முதல் பதிவில் சொன்ன அந்த 38 கிலோமீட்டரைப் பார்க்கப் பெரிய ஸ்கேனர் வேண்டுமா அண்ணா?

மூணாவது கியர், கோவை

வேண்டாம் தம்பி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வண்டியின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் செருகும் ப்ளூடூத் ஓபிடி டாங்கிளும் போனில் ஒரு ஆப்பும் இருந்தால் எரர் அழித்த பிறகு ஓடிய தூரம், ரெடினஸ், கூலன்ட் சூடு எல்லாம் வந்துவிடும். ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் குடும்பத்து வண்டிகளில் கியர்பாக்ஸ், ஏர்பேக் என்று உள்ளே போக விசிடிஎஸ், ஓபிடி லெவன் மாதிரி ஸ்கேனர் வேண்டும். நான் நண்பரிடம் இரவல் வாங்கினேன். மீட்டரைக் குறைத்த வண்டி என்றால்கூட பழைய எரரோடு பதிவான கிலோமீட்டர் வேறு ஏதாவது ஒரு மாட்யூலில் (வண்டிக்குள் இருக்கும் தனித்தனிக் கம்ப்யூட்டர்) மாட்டிக்கொள்ளும், ஆக எஞ்சினை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதே, எல்லா மாட்யூலையும் ஸ்கேன் பண்ணு.

ஸ்டேஜ் 2 ப்ரோ, உங்கள் பதிவு இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது. உண்மையைச் சொன்னவரிடமிருந்து ஐந்து பேர் திரும்பிப் போனார்கள் என்கிறீர்களே, போன வருடம் என்றால் அந்த ஐந்தில் நானும் ஒருவனாக இருந்திருப்பேன்.

திருச்சியில் இன்னொரு 230 வந்திருக்கிறது. 71,000 ஓடினது, ஸ்டேஜ் 1, பானட்டில் கல்லடி, விலையும் குறைவில்லை. ஓனர் போனில் சொன்னது: “மேப் இருக்கு, வேணாம்னா கழட்டித் தரேன். பாக்ஸ் ஆயில் 58,000-ல மாத்தினேன், பில் இருக்கு. வண்டியை வெள்ளிக்கிழமை ராத்திரி நிறுத்திடறேன், சனிக்கிழமை நீங்களே வந்து ஸ்டார்ட் பண்ணுங்க.” ஐந்து மணி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாச்சு. டார்ச்சில் பேட்டரிதான் போடணும்.