ஒரு சாண் மரம்: டிசம்பரில் ஊருக்கு வருகிறவர்களுக்கு, நம் காயல் படகு பற்றி

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகளுக்கு,

போன வாரம் நம் குழுவில் காயல் படகு பற்றி இரண்டு மடல்கள் வந்தன. ஒன்றில், "27-ஆம் தேதி நாங்கள் பதினெட்டுப் பேர் வருகிறோம், ஒரே நடையில் ஏற்றிக்கொள்ள முடியுமா?" என்று கேட்டிருந்தார்கள். இன்னொன்று வருத்தத்தோடு வந்தது. போன டிசம்பரில், படகை ஓட்டுகிற என் தம்பி, ஆள் கூடிவிட்டது என்று ஆறு பேரை இறக்கிவிட்டானாம், சொந்த ஊர்க்காரனிடமே சட்டம் பேசினானாம். எழுதியவர் எனக்கு அண்ணன் முறை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தச் சட்டம் தம்பி போட்டது இல்லை. அது எங்கள் பாட்டா, அதாவது தாத்தா, காலத்திலிருந்து வருகிறது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் வீட்டு வள்ளங்களின் கதை முழுவதையும் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலேயே பிறந்த பிள்ளைகளும் இந்தக் குழுவில் இருப்பதால் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பழையாறு நாகர்கோவில், சுசீந்திரம் எல்லாம் கடந்து வந்து கடலில் சேருவது நம் மணக்குடியில். ஆற்றுக்கு மேற்கே மேலமணக்குடி, கிழக்கே கீழமணக்குடி, நடுவில் காயல். இன்றைக்குப் பாலத்தில் இரண்டு நிமிடத்தில் போய்விடுகிறோம். பாலம் இல்லாத காலத்தில் ஒரு கரையில் பெண் எடுத்து மறு கரையில் கட்டிக்கொடுத்த வீடுகளுக்கு வள்ளம்தான் வழி. இல்லையென்றால் சுசீந்திரம் பக்கம் சுற்றிக்கொண்டு வர வேண்டும். இந்த வள்ளத்தைக் கடத்து என்போம். வருடா வருடம் ஏலம் விடுவார்கள். எங்கள் பாட்டா அதை எடுத்து நடத்தியதால்தான் இன்றைக்கும் எங்களுக்குக் கடத்துக்காரர் வீடு என்று பெயர்.

பாட்டா தொழிலை ஆரம்பித்தபோது திருவிதாங்கூர் ராஜாவின் ஆட்சி. கூலி காசிலும் சக்கரத்திலும். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். பிறகு அணா வந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி நம் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, அடுத்த வருடமே நயா பைசாவும் வந்துவிட்டது. பாட்டி மட்டும் கண்ணை மூடுகிற வரை "நாலு சக்கரம் கொண்டா" என்றுதான் மீன் வாங்கக் கேட்பாள்.

முதல் வள்ளம் அயனிப் பலகையில் செய்தது. இரும்பு ஆணி ஒன்றுகூடக் கிடையாது. பலகைகளை ஓரத்தில் துளைத்து, கதம்பல் (தேங்காய் மட்டை) நாரை இடுக்கில் வைத்து, கயிற்றால் தைத்தது. நான் பார்த்த நாளில் அது கரையேறி முற்றத்தில் கிடந்தது. உள்ளே இறங்கி உட்கார்ந்தால் சுறா எண்ணெய் வாடையும் அண்டி (முந்திரிக்கொட்டை) எண்ணெய் வாடையும் சேர்ந்து அடிக்கும். தையல் போன இடம் எல்லாம் விரலுக்கு மேடு மேடாகத் தட்டுப்படும். வெளிப்பக்கம், விளிம்புக்குக் கீழே சரியாக ஒரு சாண் தள்ளி, முன்முனையிலிருந்து பின்முனை வரை தாரால் ஒரு கோடு. தார் மேல் தார் பூசிப் பூசி, அந்தக் கோடு பலகையை விட்டுப் புடைத்து நின்றது. சின்ன வயதில் அதை நகத்தால் பிய்த்து அடி வாங்கியிருக்கிறேன்.

அந்தக் கோட்டைப் பாட்டா கண்ணால் பார்த்துப் போடவில்லை. காற்று இல்லாத ஒரு விடியற்காலையில், உப்பளத்துச் சாக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றி, வள்ளத்தின் மேல் விளிம்பில் ஏறி நின்று ஆட்டிப் பார்த்தாராம். எத்தனை சாக்கு ஏறிய பிறகு விளிம்பு தண்ணீரைத் தொடுகிறது, எத்தனையில் தொடாமல் நிமிர்கிறது என்று பார்த்து, நிமிர்கிற கணக்கிலிருந்து இரண்டு சாக்கைக் குறைத்து, தண்ணீர் நிற்கிற இடத்தில் கரியால் கீறினாராம். அதுதான் பிறகு தார்க்கோடு ஆனது. "ஒரு சாண் மரம் தண்ணிக்கு மேல தெரியணும்" என்பது எங்கள் வீட்டில் வேதவாக்கு. தலையை எண்ண மாட்டார். கோடு முங்கினால் கடைசியாக ஏறியவர் இறங்க வேண்டும், அது யாராக இருந்தாலும் சரி. உட்கார்ந்தவர் அக்கரை வரை எழும்பக் கூடாது. பொழி, அதாவது ஆறு கடலில் சேருகிற வாய், திறந்து ஆற்றுத் தண்ணீர் கடலுக்கு இழுக்கிற நாளில் கோட்டுக்குக் கீழேயும் இன்னும் நாலு விரல் மரம் தெரிய வேண்டும். பொழிமுகத்து மணல் மூடிக் காயல் அசையாமல் கிடக்கிற வெயில் மாதங்களில்கூட அந்தச் சாணைக் குறைத்ததில்லை.

ஒரே ஒரு முறை மீறியது என் அப்பா. அப்போது அவருக்கு இருபது வயதுகூட இருக்காது. கல்யாண வீட்டிலிருந்து திரும்புகிற கூட்டம், இருட்டுகிற நேரம். பாட்டா காய்ச்சலில் படுத்திருந்தார். "நம்ம ஆளுதானே, ஒரே நடையா போட்டுடு மக்கா" என்று பெரியவர்கள் சொல்ல, அப்பாவால் மறுக்க முடியவில்லை. கோடு முங்கியது. நடுக்காயலில் ஒரு பிள்ளையின் கையிலிருந்த பலகாரப் பொட்டலம் தண்ணீரில் விழுந்தது. அதை எடுக்க ஒருவர் குனிந்தார், அவரைப் பிடிக்க இரண்டு பேர் எழும்பினார்கள். அவ்வளவுதான். விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தால் அது தாழ்ந்த பக்கமே போய்ச் சேரும், சேரச் சேர அந்தப் பக்கம் இன்னும் தாழும். கண் மூடித் திறப்பதற்குள் வள்ளம் கவிழ்ந்துவிட்டது. பொழி மூடி, தண்ணீர் வற்றியிருந்த மாதம் என்பதால் பெரியவர்களுக்கு நெஞ்சளவுதான் இருந்தது. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கரை சேர்ந்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பாட்டா மறுநாள் காய்ச்சலோடு எழுந்து வந்து, அப்பாவிடம் ஒரு வார்த்தையும் பேசாமல், தார்ச்சட்டியைக் கையில் கொடுத்து, கோட்டைத் திரும்பப் பூசச் சொன்னாராம். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் வலது கை தன்னாலேயே பூசுகிற மாதிரி அசையும்.

பாலம் வந்தபின் கடத்து நின்றது. அப்பா இரண்டாவது வள்ளத்தை வைத்துக்கொண்டு உப்பு ஏற்றினார், கதம்பல் ஏற்றினார், மீன் பிடித்தார். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கஷ்டம்தான், நான் மஸ்கட்டுக்கு வண்டி ஏறியதும் அதனால்தான்.

2004 டிசம்பர் 26 பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையை மறந்தவர் இந்தக் குழுவில் யாரும் இருக்க மாட்டோம். நாம் இழந்தவர்களின் பெயர்களை எழுத எனக்குக் கை வரவில்லை. வள்ளத்தின் கதையை மட்டும் சொல்கிறேன். அலை பாலத்தின் மேல்தளத்தைத் தூணை விட்டுப் பெயர்த்து ஆற்றுக்குள் தள்ளிக்கொண்டு போனது. கான்கிரீட்டுக்கே அந்தக் கதி. அப்பாவின் மர வள்ளமோ உப்பளத்துச் சேற்றில், பக்கவாட்டில் ஒரு பலகை மட்டும் உடைந்து, கிடந்தது. அப்பாவும் தம்பியும் தகரம் வைத்து அடைத்து, காயலில் இறக்கினார்கள். இத்தனை வருடம் கழித்து மறுபடியும் கடத்து.

அந்த நாட்களில் கரையில் நின்றவர்கள் உல்லாசத்துக்கு வந்தவர்கள் இல்லை. அக்கரையில் மகள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் நின்ற தாய்மார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறப் பார்த்தார்கள். அப்பா கழையை ஊன்றி நின்றுகொண்டு, ஒரு சாண் மரம் தெரிகிறதா என்று பார்த்துத்தான் தள்ளினார். அழுதவர்களிடம், "இதோ திரும்பி வாறேன் அம்மா, இதோ வாறேன்" என்று சொல்லிச் சொல்லியே போய் வந்தாராம். யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. ராணுவத்தார் வந்து தற்காலிகப் பாலம் போடும்வரை இப்படி ஓடியது. அப்புறம் புதுப் பாலமும் வந்தது, வள்ளம் பழையபடி கரையேறியது. 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் சாய்த்த தென்னை அதன் மேல் விழுந்து முதுகை முறித்துவிட்டது. அந்த வருடமே அப்பாவும் போய்விட்டார்.

இப்போது ஓடுவது மூன்றாவது. பைபர் படகு, பின்னால் மாட்டுகிற சின்ன எஞ்சின், மேலே வெயிலுக்குக் கூரை. தம்பி இதை ஆரம்பித்தபோது நானே வேண்டாம் என்றேன். காயலைப் பார்க்கக் காசு கொடுத்து யார் வருவார்கள் என்று நினைத்தேன். ஆனால் வருகிறார்கள். சுசீந்திரம், தேரூர்க் குளங்களுக்கு 2022-ல் ஈரநிலங்களுக்கான உலக அளவிலான ராம்சர் அங்கீகாரம் கிடைத்தபின் பறவை பார்க்கிறவர்கள் இந்தப் பக்கம் கீழே வரைக்கும் வந்து கேட்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு நட்ட அலையாத்திச் செடிகள் இன்று ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கின்றன. அதன் ஓரமாக எஞ்சினை நிறுத்திவிட்டுக் கழை போட்டுத் தள்ளினால் கொக்கு பறக்காமல் அப்படியே நிற்கும். மழைக்காலத்தில் மேலிருந்து ஆகாயத்தாமரை அடித்துக்கொண்டு வந்து எஞ்சினில் சுற்றும். நாகர்கோவில் கழிவுத் தண்ணீர் வேறு. அந்த நாட்களில் தம்பி படகை இறக்குவதில்லை, வருமானமும் இல்லை.

உள்நாட்டுப் படகுகளுக்கு 1917-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தை மாற்றி 2021-ல் புதுச் சட்டம் கொண்டு வந்தார்கள். பதிவு வேண்டும், காப்பீடு வேண்டும், ஓட்டுகிறவனுக்குச் சான்றிதழ் வேண்டும். தம்பி அலைந்து எல்லாம் செய்தான். அவன் படகுக்கு எழுதிக் கொடுத்த கணக்கு பன்னிரண்டு பேர். ஆனால் பக்கவாட்டில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு இருக்கிறது, விளிம்புக்குக் கீழே ஒரு சாண். அது எந்த அதிகாரியும் போடச் சொன்னது இல்லை. பன்னிரண்டும் கனத்த ஆட்களாக இருந்து கோடு முங்கினால், பத்தோடு நிறுத்திவிடுவான்.

தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று படகு கவிழ்ந்து 45 பேர் இறந்துபோனார்கள். விலங்கு தெரிகிறது என்று எல்லோரும் ஒரே பக்கம் திரண்டதாகத்தான் அப்போது பேசினார்கள். கேரளத்துத் தானூரில் 2023 மே 7 அன்று 22 பேர், அதில் பாதிக்கு மேல் பிள்ளைகள், அளவுக்கு மேல் ஏற்றிய படகு. இரண்டு செய்தியும் வந்த அன்று ராத்திரி தம்பி எனக்குப் போன் செய்தான். இரண்டாவது முறை பேசும்போது அவன் குரல் சரியில்லை. "ஒருத்தராவது அங்கே 'வேண்டாம், இறங்கு'ன்னு சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றான்.

போன டிசம்பரில் அவன் சொன்னது அதைத்தான். இறக்கப்பட்ட ஆறு பேரையும் அடுத்த நடையில் ஏற்றிப் போய், அரைக் கூலிதான் வாங்கியிருக்கிறான். அண்ணன் அதையும் மடலில் எழுதியிருக்கலாம் என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

இந்த முறை 24-ஆம் தேதி மதியத்திலிருந்து 26 முழுவதும் படகு கிடையாது. 26 அன்று ஊர் முழுக்கக் கல்லறைக்குப் போகும், தம்பியும் போவான். 27-லிருந்து காலை ஆறரைக்கு முதல் நடை. பறவை பார்க்க அதுதான் நல்ல நேரம், வெயில் ஏறினால் ஒன்றும் இருக்காது. பதினெட்டுப் பேர் என்று எழுதிய குடும்பத்துக்கு ஒன்பது ஒன்பதாக இரண்டு நடை எழுதி வைக்கச் சொல்லிவிட்டேன். பிள்ளைகளை முதல் நடையில் அனுப்புங்கள். சின்ன அளவில் உயிர்காப்பு அங்கி எட்டுதான் இருக்கிறது. கூடுதலாக நாலு இங்கேயிருந்து வாங்கி வருகிறேன்.

கடத்துக்காரர் வீட்டு மூத்தவன்,
மஸ்கட்