பட்டப்பெயருக்குத் திரும்பிப் பார்க்க மாட்டார்களாம்: விடலாமா?

கேள்வி (ஏழாம் வகுப்பு மாணவனின் தாய்):
என் மகனுக்குத் திக்குவாய். வகுப்பில் அவனுக்கு ‘தந்தி’ என்று பெயர். தந்தியைக் கண்ணால்கூடக் கண்டிராத பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லை எந்த வீட்டுப் பெரியவர் எடுத்துக்கொடுத்தாரோ! அவனோடு ‘சோடாபுட்டி’, ‘பீப்பாய்’, ‘ஒட்டகச்சிவிங்கி’ என்று இன்னும் மூவர். யாரும் சேர்த்துக்கொள்ளாததால் சேர்ந்தவர்கள்.

நால்வரும் இப்போது ஒரு முடிவெடுத்திருக்கிறார்கள். பட்டப்பெயர் சொல்லி அழைத்தால் திரும்பக்கூடாது. பக்கத்தில் இருக்கும் கூட்டாளி உண்மையான பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான், திட்டக்கூடாது, பதிலுக்குப் பட்டம் கட்டக்கூடாது.

இவன் முறை வந்தால் என்ன ஆகும் என்பதே என் கவலை. ‘பேனா’ வாயில் வராவிட்டால் ‘எழுத ஏதாவது இருக்கிறதா’ என்று சமாளிப்பான். ஒருவர் பெயருக்கு மாற்றுச் சொல் ஏது?

பதில் (ஆசிரியை):
தடுக்காதீர்கள். கனடாவில் பள்ளி மைதானங்களில் பிள்ளைகளைப் படம்பிடித்து ஆராய்ந்த முடிவுகள் 2001இல் வெளிவந்தன. வம்பு நடந்தபோது பத்தில் ஏறக்குறைய ஒன்பது முறை மற்ற பிள்ளைகள் அருகில் இருந்தார்கள். குறுக்கிட்டது ஐந்தில் ஒரு முறைகூட இல்லை. ஆனால் குறுக்கிட்டபோது, பாதிக்கும் மேற்பட்ட முறை பத்து விநாடிக்குள் வம்பு நின்றது. வகுப்பாசிரியரிடமும் சொல்லிவையுங்கள். ‘விளையாட்டுக்குத்தானே’ என்பார், தேதி, இடம், சொன்ன சொல் மூன்றையும் எழுதிக் காட்டுங்கள்.

பதில் (நாற்பது வயதுத் திக்குவாய்க்காரன்):
சொல்லை மாற்றும் வித்தையில் நானும் கைதேர்ந்தவன். என் சொந்தப் பெயர் இன்றும் தொலைபேசியில் சிக்கிக்கொள்கிறது. அவன் திக்கும்போது மற்ற மூவரும் எடுத்துக்கொடுக்கலாமா, காத்திருக்க வேண்டுமா என்று அவனையே கேட்டு முன்கூட்டியே பேசிவைக்கச் சொல்லுங்கள். எனக்குக் காத்திருப்பவர்களைத்தான் பிடிக்கும்.

மீண்டும் தாய்:
கேட்டேன். காத்திருக்கட்டும் என்றான்.

நேற்று மாடிப்படியில் யாரோ அந்தப் பெண்ணை ‘ஒட்டகச்சிவிங்கி’ என்றார்களாம். இவனுக்கு முதல் எழுத்திலேயே அடைத்துக்கொண்டது. அவள் புத்தகப்பையைக்கூட இறக்காமல் படியிலேயே நின்றாளாம். “பெயர் வந்ததா?” என்றேன். “வந்தது. அதற்குள் மணி அடித்து எல்லோரும் போய்விட்டார்கள், அவளுக்கு மட்டும்தான் கேட்டது” என்றான்.

இருவரும் வகுப்புக்குத் தாமதம். அதற்கு என் கையெழுத்து வேண்டுமாம்.