நீண்ட வளைவில் இன்ஜின் விக்கினால் முதலில் பெட்ரோல் லைனைப் பாருங்கள்

நான் ஓட்டுவது டர்போ போட்ட நாலு சிலிண்டர் டிராக் கார். நேர்ப்பாதையில் எந்தக் குறையும் இல்லை. டேங்க் பாதிக்குக் கீழே இறங்கியதும்தான் வினை. நீண்ட வலது வளைவை விட்டு வெளியே வரும்போது இன்ஜின் ஒரு கணம் விக்கும், கார் நேரானதும் தானாகச் சரியாகிவிடும். பிளக்கை மாற்று, காயிலை மாற்று, மேப்பை (இன்ஜின் கணினியில் உள்ள எரிபொருள், இக்னிஷன் அளவுகளை) இன்னொரு தடவை திருத்து என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நான் எதையும் கழற்றவில்லை. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிர்ந்து தரும் குழாயான ஃப்யூயல் ரெயிலில் ஒரு பிரஷர் சென்சார் மாட்டி, அந்த அளவையும் பக்கவாட்டு ஜி விசையையும் ஒரே லாகில் பதியவிட்டேன்.

ரெயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் என் ரெகுலேட்டரின் அடிப்படை அழுத்தம் 3 பார். பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், ஏற ஏற அதே அளவு ரெயில் அழுத்தமும் ஏற வேண்டும். 1 பார் பூஸ்ட் என்றால் ரெயிலில் 4 பார் காட்ட வேண்டும். லாகில் வளைவின் முன்பாதி வரை கோடு ஒழுங்காகப் போகிறது. பின்பாதியில், நான் த்ராட்டிலை மிதிக்கும் அதே இடத்தில், 4-ஐத் தொடாமல் 3-க்கும் கீழே விழுந்து நடுங்குகிறது. காற்று-பெட்ரோல் கலவையைக் காட்டும் லாம்டாவும் அங்கேயே லீன் பக்கம், அதாவது பெட்ரோல் குறைந்த பக்கம், ஓடுகிறது. பூஸ்ட் இருக்கும்போது கலவை லீன் ஆனால் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) வரும், பிஸ்டன் விளிம்பு உடையும். விக்கல்தானே என்று விடக்கூடிய சமாசாரம் இல்லை இது.

காரணம் எளிமையானது. கார் 1 ஜி பக்கவாட்டு விசையில் திரும்பும்போது டேங்கில் பெட்ரோலின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்துவிடும். சாலைக் காரின் டேங்க் பெரும்பாலும் அகலமாக, தட்டையாக இருக்கும். பம்பைச் சுற்றி ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும்தான், ஆனால் அது அன்றாட ஓட்டத்துக்கு வைத்தது. நல்ல பிடிப்புள்ள ஸ்லிக் டயரோடு நீளமான வளைவைப் பிடித்தால் கிண்ணம் காலியாகி, பம்ப் காற்றை உறிஞ்ச ஆரம்பிக்கிறது.

தீர்வு சர்ஜ் டேங்க் என்று எல்லோருக்கும் தெரியும், அதாவது பம்புக்கு எப்போதும் பெட்ரோல் இருக்கும்படி நடுவில் வைக்கும் சின்ன டேங்க். டேங்குக்குள் இருக்கும் லிஃப்ட் பம்ப் சர்ஜ் டேங்கை நிரப்பும், அதன் அடியிலிருந்து ஹை பிரஷர் பம்ப் இழுத்து ரெயிலுக்கு அனுப்பும். மேலே உள்ள ஓவர்ஃப்ளோ, மிச்சத்தையும் காற்றையும் பெரிய டேங்குக்குத் திருப்பிவிடும். இதுவரை சரி. ரெயிலில் மிஞ்சும் பெட்ரோலை ரெகுலேட்டரிலிருந்து திருப்பிக் கொண்டுவரும் ரிட்டர்ன் லைன் எங்கே போய்ச் சேர்கிறது என்பதில்தான் பல பேர் கோட்டை விடுகிறார்கள்.

நண்பர் ஒருவர் தன் காரை ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து ஒரு லிட்டர் சர்ஜ் டேங்க் வைத்தார். செலவு செய்தும் விக்கல் போகவில்லை. காருக்கு அடியில் படுத்து ஹோஸைப் பிடித்துக்கொண்டே போனால், ரிட்டர்ன் நேராகப் பெரிய டேங்கில் போய் முடிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்ப் நிமிடத்துக்கு 4.25 லிட்டர் எடுக்கும். லிஃப்ட் பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கினால், அந்த ஒரு லிட்டர் 14 நொடியில் தீர்ந்துவிடும். இத்தனைக்கும் 200 குதிரைத்திறன் டர்போ இன்ஜின் முழு த்ராட்டிலில் எரிப்பது நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர்தான். மீதி மூன்று லிட்டரும் சும்மா சுற்றி வருவது. ரிட்டர்னைச் சர்ஜ் டேங்குக்கே திருப்பினால், இன்ஜின் எரிப்பது மட்டும்தான் குறையும். அதே ஒரு லிட்டர் முக்கால் நிமிடம் தாங்கும். எந்த வளைவும் அவ்வளவு நீளமில்லை. ஒரே ஒரு ஹோஸை இடம் மாற்றினோம், அவர் கார் கால் டேங்கிலும் சுத்தமாக ஓடியது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. அதே பெட்ரோல் திரும்பத் திரும்ப இன்ஜின் பக்கம் போய் வருவதால் சூடேறும். சூடேறினால் குமிழி, குமிழி வந்தால் மறுபடி அழுத்தம் விழும். அதனால் லிஃப்ட் பம்பை இன்ஜின் எரிக்கும் அளவைவிடத் தாராளமாகப் பார்த்துப் போடுங்கள். குளிர்ந்த பெட்ரோல் உள்ளே வந்துகொண்டே இருந்தால் சூடு ஓவர்ஃப்ளோ வழியே வெளியேறும்.

*

அண்ணா, உங்கள் லாக் மாதிரியேதான் எனக்கும் வந்தது, ஆனால் வளைவில் இல்லை. நேர்ப்பாதையில் மேல் ஆர்பிஎம்மில் அழுத்தம் மெல்ல மெல்லச் சரியும். பம்ப் புதுசு, ஃபில்டர் புதுசு. கடைசியில் மல்டிமீட்டரை எடுத்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், பம்பின் முனையில் 11.6. பழைய சின்னப் பம்புக்கென்று கம்பெனி போட்ட மெல்லிய ஒயரிலேயே பெரிய பம்பும் ஓடிக்கொண்டிருந்தது. வோல்ட் குறைந்தால் பம்ப் தள்ளும் அளவும் குறையும், அழுத்தம் கூடக் கூட அந்தக் குறைவு இன்னும் மோசமாகும்.

பேட்டரியிலிருந்து நேராகத் தடிமனான ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ், பம்புக்குப் பக்கத்தில் ரிலே, பெயின்ட் சுரண்டிய இரும்பில் எர்த். அவ்வளவுதான், அழுத்தக் கோடு நேராகிவிட்டது.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ரிலேயை இயக்கும் சிக்னல் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவிலிருந்தே வரட்டும். டாஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச் வைத்துப் பம்பை நேரடியாக ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மோதி இன்ஜின் நின்றுபோனாலும் அந்தப் பம்ப் நிற்காது. லைன் அறுந்திருந்தால் சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும், ஓட்டுநர் பெல்ட்டோடு உள்ளே இருப்பார்.

*

டேங்குக்கு உள்ளே இருக்கும் ஹோஸைப் பற்றி யாராவது சொல்லுவீர்கள் என்று பார்த்தேன். வெளியே எட்டு அடிக்கு ஸ்டீல் பின்னல் போட்ட விலை கூடிய ஹோஸ் போடுவார்கள், உள்ளே பம்பையும் மூடியையும் இணைக்கும் ஒரு சாண் ஹோஸ் சாதாரண ரப்பராக இருக்கும். சாதாரண ஃப்யூயல் ஹோஸ் உள்பக்கம் பெட்ரோலைத் தாங்கும், வெளிப்பக்கம் மூழ்கிக் கிடக்கச் செய்யப்பட்டதில்லை. என் கையில் வந்த ஒரு காரில் அந்தத் துண்டு உப்பி, கிளாம்ப் ஓரத்தில் நீளவாக்கில் பிளந்திருந்தது. விரலால் அழுத்தினால் கறுப்புப் பிசின் ஒட்டியது. ஒழுகல் டேங்குக்கு உள்ளேயே நடப்பதால் வாடை இல்லை, தரையில் சொட்டும் இல்லை. ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும், முழு த்ராட்டிலில் அழுத்தம் போதாது, வேறு அறிகுறியே கிடையாது. மூழ்கும் இடத்துக்கு எஸ்ஏஇ ஜே30ஆர்10 என்று அச்சடித்த ஹோஸ்தான் வேண்டும்.

எத்தனால் பெருமளவு கலந்த ஈ85 எரிபொருளுக்கு மாறுகிறவர்கள் எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து போடுங்கள். காற்றுக்கும் எரிபொருளுக்கும் உள்ள எடை விகிதம் பெட்ரோலுக்கு 14.7-க்கு 1 என்றால் ஈ85-க்கு ஏறத்தாழ 9.8-க்கு 1. அதே சக்திக்கு 30 முதல் 40 சதவீதம் கூடுதல் எரிபொருள் ஓட வேண்டும், பம்ப், இன்ஜெக்டர் இரண்டுமே பத்தாமல் போகலாம். ஹோஸ் உள்ளே பிடிஎஃப்இ (டெஃப்லான்) பூச்சு உள்ளதாகவும், ஃபில்டர் பேப்பருக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத கம்பி வலையாகவும் இருக்கட்டும். பம்புக்கு முன்னால் 100 மைக்ரான், பின்னால் 10 மைக்ரான். முன்னால் நுண்ணிய ஃபில்டரைப் போட்டால் பம்ப் இழுக்க முடியாமல் திணறும்.

ஃப்யூயல் செல் (ரேஸ் காருக்கான பாதுகாப்பு பெட்ரோல் டேங்க்) வைத்திருப்பவர்கள் உள்ளே இருக்கும் ஃபோமையும் அவ்வப்போது வெளியே எடுத்துப் பாருங்கள். பழசானால் பொடியாக உதிர்ந்து, நேராக முதல் ஃபில்டரில் போய் அடையும்.

*

தம்பி சொன்ன ஈசியூ விஷயத்தை நான் அப்படியே வழிமொழிகிறேன். எர்த் பக்கத்தையும் தனியாக அளந்து பாருங்கள், பாதி நேரம் வோல்ட் அங்கேதான் தொலைந்திருக்கும்.

என் பதிவைப் படித்துவிட்டுத் தனியாகச் செய்தி அனுப்பி ஒருவர் கேட்டிருந்தார்: சர்ஜ் டேங்க் எதற்கு, டேங்கை எப்போதும் நிறைத்தே ஓட்டினால் போதாதா? விக்கல் தள்ளிப்போகும், உண்மைதான். ஆனால் 40 லிட்டர் பெட்ரோல் 30 கிலோ. எடையைக் குறைக்க சீட்டையும் கார்பெட்டையும் கழற்றிவிட்டு, பின்பக்கம் 30 கிலோவைச் சுமந்து திரிவதில் எனக்கு உடன்பாடில்லை. போக, நீண்ட ஓட்டத்தில் டேங்க் எப்படியும் பாதிக்குக் கீழே வரும், அதுவும் டயர் களைத்து கார் வழுக்க ஆரம்பிக்கிற நேரமாகப் பார்த்து வரும்.

புதிதாக லைன் போட்டவர்கள் உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பம்பை மட்டும் ஓட்டி, ஒவ்வொரு ஜாயிண்டையும் காய்ந்த வெள்ளை டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் காகிதத்தில் ஈரமாகப் பதியும். இன்ஜின் முழுச் சூடேறி நின்ற பிறகு இன்னொரு முறை, முதல் லேப் முடித்து வந்ததும் இன்னொரு முறை. தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், பக்கத்தில் ஓர் ஆளும் இருக்கட்டும்.