ஆற்று டயாட்டம்களை வரைய உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். ஆற்றில் வாழும் டயாட்டம்களை (கண்ணுக்குத் தெரியாத ஒருசெல் பாசிகள்) வைத்து ஓர் ஓவியத் தொடர் வரைந்துகொண்டிருக்கிறேன். பாதியில் நிற்கிறது; விவரம் தெரிந்தவர்கள் கைகொடுக்க வேண்டும்.

ஆற்றுக் கல்லில் வழவழவென்று படிந்திருந்த பழுப்புப் படலத்தைப் பழைய பல் பிரஷால் தேய்த்தெடுத்து, ஒரு சொட்டை நுண்ணோக்கியில் 400 மடங்கில் பார்த்தேன். நாவிகுலா என்ற படகு வடிவ டயாட்டம் ஒன்று மணல் துகளில் முட்டியது. உடலைத் திருப்பாமல், வந்த வழியே பின்னோக்கி நழுவிப் போனது. உள்ளே இரண்டு பொன்பழுப்புப் பட்டைகள். அந்த நழுவலைத்தான் தாளில் கொண்டுவர ஆசைப்படுகிறேன்.

ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1899 முதல் 1904 வரை வெளியிட்ட 100 படத்தாள்களில் டயாட்டம்களும் உண்டு. கோடுகளின் நேர்த்தியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனாலும் அந்தச் சமச்சீர் ஒழுங்கில் உயிரின் அசைவு தெரியவில்லை என்பது என் எண்ணம்.

தொடரின் மறுபாதி, பழைய ஆறு. டயாட்டம் செத்தாலும் கண்ணாடி போன்ற அதன் சிலிக்கா ஓடு வண்டலில் தங்கிவிடும். எந்த இனங்களின் ஓடுகள் கிடக்கின்றன என்பதிலிருந்து அன்றைய நீரின் தன்மையை ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அந்த ஓடுகளையும் பார்த்து வரைய வேண்டும்.

வண்டலிலிருந்து ஓடுகளை உடையாமல் பிரிப்பது எப்படி? அதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடை வீட்டில் பயன்படுத்தலாமா, ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டுமா? ஓட்டின் வரிகளை எண்ணி இனத்தைக் கண்டறிய எத்தனை மடங்கு உருப்பெருக்கம் வேண்டும்?

ஓவியர்களிடம் முக்கியமாக ஒன்று: ஒளி ஊடுருவும் கண்ணாடி ஓட்டைக் கறுப்பு மையில் மட்டும் எப்படிக் காட்டுவீர்கள்? புள்ளி வைத்துப் பார்த்தேன், கல்லைப் போல் கனத்துவிட்டது.