37 வயதில் ஜியு-ஜிட்சு: முதலில் உடம்பைத் தேற்றிக்கொண்டு சேரலாமா?

கேள்வி: புதுவெள்ளை

வணக்கம். வயது 37. நாள் முழுக்க உட்கார்ந்தே செய்யும் வேலை. போன வாரம் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு வகுப்பு ஒன்றைச் சும்மா பார்க்கப் போனேன். "இறங்குங்க" என்றார் பயிற்சியாளர், இறங்கிவிட்டேன். கடைசியில் 5 நிமிட ரோல், அதாவது இன்னொருவரோடு நிஜமாகவே மல்லுக்கட்டிப் பழகுவது. என்னைவிட ஒல்லியான ஒரு பையன் மார்பின் குறுக்கே படுத்தான். அவன் தோள் என் தாடையை அழுத்தியதில் முகத்தைக்கூடத் திருப்ப முடியவில்லை. வலி இல்லை. ஆனால் மூச்சு முட்டியது, எழுந்து ஓடினால் போதும் என்றாகிவிட்டது. இரண்டாவது நிமிடத்திலேயே 'போதும், விடு' என்று தட்டிவிட்டேன்.

ஆனாலும் மூன்று நாளாக அதே நினைப்பு. சேர ஆசை. மூன்று மாதம் ஓடி, எடை தூக்கி, அப்புறம் போகலாமா? கீ (ஜூடோவில் போடுவது போன்ற தடித்த துணி உடை) போட்ட வகுப்பா, கீ இல்லாததா? கழுத்துக்கும் முட்டிக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: பழையமேட்

தேற்றிக்கொண்டெல்லாம் போக வேண்டாம், அடுத்த வகுப்புக்கே போங்கள். ஓடி வளர்க்கும் தம் வேறு, மேலே ஆள் படுத்திருக்கும்போது வேண்டிய தம் வேறு. நன்றாக ஓடுகிறவர்களும் முதல் ரோலில் இரண்டு நிமிடத்தில் துவண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பு முழுவதையும் இறுக்குவதுதான் காரணம்.

நீங்கள் மாட்டியது சைடு கன்ட்ரோல், பக்கவாட்டிலிருந்து மார்பின் குறுக்கே படுத்து அமுக்குவது. இரண்டு கையையும் நீட்டி அவனைத் தள்ளியிருப்பீர்கள், நாங்கள் எல்லோரும் அப்படித்தான் ஆரம்பித்தோம். நீட்டிய கையைத்தான் ஆர்ம்பாருக்கு (முழங்கையை எதிர்ப்பக்கம் வளைக்கும் பிடி) பிடிப்பார்கள். அதனால் ஒரு முன்கையை அவன் கழுத்தோடு ஒட்டி வையுங்கள், இன்னொன்றை அவன் இடுப்பில். முழங்கைகள் உங்கள் விலாவோடு இருக்கட்டும். மல்லாந்து கிடக்காமல் அவன் பக்கம் ஒருக்களியுங்கள். பாதத்தை ஊன்றி இடுப்பைத் தூக்கி, உடனே பின்னால் நகர்த்துங்கள். கிடைக்கிற ஒரு சாண் இடைவெளியில் கீழ்ப்பக்க முழங்கால் உள்ளே நுழைய வேண்டும். வார்ம்-அப்பில் இறால் மாதிரி வளைந்து வளைந்து மேட்டை (பயிற்சி விரிப்பை) கடக்கச் சொல்லியிருப்பார்களே, அது இதற்குத்தான்.

நான் பழக ஆரம்பித்து 9 வருடம், இப்போது பர்ப்பிள் பெல்ட் (வெள்ளை, நீலத்துக்கு அடுத்தது). ஆரம்பத்தில் உங்களைப் போலவே பதறுவேன். ஒரு நாள் என் பயிற்சியாளர் ரோல் முழுக்க என் மேல் படுத்துக்கொண்டு, "தப்பிக்காதே, எண்ணு" என்றார். மூச்சு வெளியே போகும்போது ஓர் எண். பத்து வரை குரல் நடுங்கியது. நாற்பதில் அவர் எடை அப்படியேதான் இருந்தது, என் பயம் இறங்கியிருந்தது. இன்றைக்கும் பெரிய ஆள் மேலே வந்தால் மனசுக்குள் எண்ணுகிறேன்.

சீக்கிரம் தட்டியது நல்லதுதான். அழுத்தம் தாங்காவிட்டாலும் தட்டலாம். கை மாட்டிக்கொண்டால் வாயால் "டேப்" என்று சொல்லுங்கள். கழுத்துப் பிடியில் இரண்டு பக்க ரத்தக் குழாயும் அடைபட்டால் 10 நொடிக்குள் நினைவு தப்பிவிடும், அங்கே வீம்பு கூடாது. முட்டிக்குப் பெரிய ஆபத்து ஹீல் ஹூக், குதிகாலைப் பிடித்துக் காலை முறுக்கும் பிடி. வலி தெரிவதற்குள் ஜவ்வு கிழிந்துவிடும். ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) போட்டிகளில் கீ இல்லாத பிரிவில் பிரவுன், பிளாக் பெல்ட்காரர்களுக்கு மட்டும் அனுமதி, அதுவும் 2021-இலிருந்துதான். புதியவர்கள் மேல் அதைப் போடுவதைப் பயிற்சியாளர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால், அந்த இடம் வேண்டாம்.

பதில்: நீலக்கச்சை

அக்கா சொன்னதோடு கொஞ்சம். கீயா இல்லையா என்பதைவிட வாரம் இரண்டு நாள் எந்த வகுப்புக்குத் தவறாமல் போக முடியுமோ அதைப் பிடியுங்கள். பிரேசிலில் இந்தக் கலையை வளர்த்த கார்லோஸ் கிரேசிக்குக் கற்றுக்கொடுத்த ஜப்பானியர் மயேடா ஜூடோக்காரர், அந்த உடை அங்கிருந்து வந்தது. துணியைப் பிடிக்க முடிவதால் ஆட்டம் மெதுவாகும், யோசிக்க நேரம் கிடைக்கும். எனக்கு அது உதவியது. கீ இல்லாமல் வியர்வையில் எல்லாம் வழுக்கும், வேகம் அதிகம்.

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். போட்ட உடையைத் துவைக்காமல் மறுபடி போடாதீர்கள், வீட்டுக்கு வந்ததும் குளியுங்கள். எனக்கு முன்கையில் படர்தாமரை வந்து மூன்று வாரம் மேட் பக்கமே போகவில்லை. ஒரு வட்டம் தெரிந்தாலும் மற்றவர்களுக்காக வீட்டில் இருந்துவிடுங்கள்.

பதில்: புதுவெள்ளை

நன்றி அக்கா, நன்றி நண்பரே. நேற்று போனேன், அதே பையன். முன்கையைக் கழுத்தோடு வைத்தேன், இரண்டு தடவை நழுவியது. 23 வரை எண்ணினேன். முழங்கால் உள்ளே போகவில்லை, அதற்குள் மணி அடித்துவிட்டது, தட்டவில்லை. எழுந்ததும் அவனே இடுப்பை இன்னும் எவ்வளவு தள்ள வேண்டும் என்று காட்டிக்கொடுத்தான். ஒரு சந்தேகம்: இன்று விலாப்பக்கம் வலிக்கிறது. ஓய்வு எடுக்கவா?

பதில்: பழையமேட்

தும்மினாலோ ஆழமாக மூச்சு இழுத்தாலோ குத்துகிறதா? குத்தினால் டாக்டரிடம் காட்டும் வரை ரோல் வேண்டாம், விலா ஆற வாரக்கணக்கில் ஆகும். பொதுவான தசைவலி என்றால் போங்கள், அன்றைக்கு டெக்னிக் மட்டும் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.