பைக்ல லாக்நட் இறுக்குனா டேப்பட் கேப் (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவுல உள்ள இடைவெளி) குறையுது, என்ன பண்றது?

மண்டபத்துலருந்து எழுதுறேன் அண்ணன்மாரே. தனுஷ்கோடி மணல் உள்ள போய் சிலிண்டர் போரை (பிஸ்டன் ஓடுற துளை) தின்னதுல, என் பழைய இம்பல்ஸ் பைக்குக்கு எஞ்சின் வேலை பாத்தேன். புது பிஸ்டன், ரிங், வால்வு லேப்பிங் (வால்வையும் அது உக்கார்ற சீட்டையும் பேஸ்ட் போட்டுத் தேய்ச்சுப் பொருத்துறது).

ராத்திரி முழுக்க ஆறவிட்டு, மேக்னட்ல 'டி' மார்க்கை (பிஸ்டன் உச்சியில நிக்கிற அடையாளம்) நிறுத்தி, வால்வை அமுக்குற ரெண்டு ராக்கரும் லேசா ஆடுதான்னு பாத்துட்டுத்தான் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற தகடு) விட்டேன். எக்ஸாஸ்ட் வால்வுல 0.12 மி.மீ. வச்சு லாக்நட்டை இறுக்குனா கேப் வைக்கிற ஸ்க்ரூவும் கூடவே சுத்திருது. அப்புறம் 0.08 தகடே பிடிச்சு இழுக்குது. மூணு தடவையும் இதே கூத்து.

எப்படியோ சரியா வச்சு 100 கிலோமீட்டர் ஓட்டுனேன், திரும்பக் குறைஞ்சிருக்கு. லேப்பிங் பண்ண வால்வு சீட்ல படியுறதால இப்படியா, இல்ல சீட்டே தேயுதா? கேப் கூடி டிக் டிக் சத்தம் வந்தாக்கூடப் பொறுத்துக்குவேன், கேப் குறைஞ்சு எக்ஸாஸ்ட் வால்வு கருகிறக் கூடாது. மேனுவல் வச்சிருக்கவங்க சரியான அளவைச் சொல்லுங்கண்ணே.